கட்டைவிரல் எந்தப் பக்கம்?

ஒரு கட்டைவிரல் என் மூளையைக் கலக்கிவிட்டது. நான் ஒன்றும் முட்டாள் இல்லை. கம்ப்யூட்டரில் முப்பரிமாண மாடல் வரைவதுதான் என் பிழைப்பு. பல்சக்கரம், பம்பு மூடி, நாற்காலிக் கால், எதைக் கொடுத்தாலும் வரைவேன். ஆனால் அன்று, எது இடது கை எது வலது கை என்று தெரியாமல், என் இரண்டு கைகளையும் திரைக்கு முன்னால் நீட்டிக்கொண்டு பேந்தப் பேந்த விழித்தேன்.

என் அக்கா இடது கைக்காரி. இடது கைப் பிள்ளைகளுக்கென்றே கத்தரிக்கோல் செய்ய ஒரு கம்பெனி ஆரம்பித்திருந்தாள். சாதாரணக் கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால் காகிதம் வெட்டுப்படாது, மடங்கும். வெட்ட வேண்டிய கோட்டையும் மேல் அலகு மறைத்துவிடும். பள்ளிக்கூடக் காலம் முழுக்க அந்தக் கடுப்பை அனுபவித்தவள் அவள். கம்பெனிக்குப் பெயர் ‘இடக்கு’. சின்ன வயதில் அப்பாவிடம் அவள் அதிகம் வாங்கிய சொல் அதுதான். “எல்லாத்துலயும் உனக்கு இடக்கு. உன் கையை நேராக்கிக் காட்டுறேன் பார்” என்று சொல்லிவிட்டுத்தான் அப்பா ஸ்கேலை எடுப்பார். கம்பெனியின் லோகோ, அக்காவின் இடது கை. எழுத்து, கிழுத்து எதுவும் கிடையாது. காகிதத்தில் கையை வைத்து, சுற்றிலும் கோடிழுத்து, உள்ளே முழுக்கக் கறுப்பாக நிரப்பிய ஒரு கை, அவ்வளவுதான்.

இதற்காக நல்ல வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். கத்தரிக்கோலின் கைப்பிடி பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கை வார்க்க இரும்பில் மோல்டு வெட்ட வேண்டும். அன்று சாயங்காலம் பட்டறையில் எங்களுக்காக மெஷினை ஒதுக்கி வைத்திருந்தார்கள். நாம் தப்பாகக் கொடுத்தால் தப்பாகவே வெட்டுவார்கள். இரும்புக்கு அழிரப்பர் கிடையாது. இன்னொரு மோல்டு வெட்ட அக்காவிடம் பணமும் கிடையாது.

நான் செய்தது இதுதான். ஏற்கெனவே வரைந்து வைத்திருந்த வலது கைக் கத்தரிக்கோலின் மாடலைத் திறந்தேன். அதன் கைப்பிடியில் லோகோவை வைத்து, விரலால் தடவினால் தெரிகிற அளவுக்கு மேடாக எழுப்பினேன். பிறகு மொத்த மாடலையும் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பினேன். ஒரே கிளிக்கில் இடது கைக் கத்தரிக்கோல் தயார். கூடவே லோகோவும் திரும்பிவிட்டது என்பது டீ குடித்த பிறகுதான் உறைத்தது. அக்கா வரைந்ததில் கட்டைவிரல் இடப்பக்கம் இருந்தது. மாடலில் அது வலப்பக்கம் போயிருந்தது. நல்லவேளை, பார்த்தோமே என்று லோகோவை மட்டும் மறுபடி திருப்பி, அக்கா வரைந்தபடியே வைத்து மோல்டுக்காரருக்கு அனுப்பினேன். என்னை நானே மெச்சிக்கொண்டும் இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் போன் செய்தார்.

“சார், கத்தரிக்கோல் இடது கைக்குத்தானே?”

“ஆமா.”

“லோகோவுல வலது கை இருக்கே?”

“என்ன சார் விளையாடுறீங்க? அது எங்க அக்காவோட இடது கை.”

“உங்க வலது கையை டேபிள் மேல வெச்சுப் பாருங்க. கட்டைவிரல் எந்தப் பக்கம் இருக்கு?”

வைத்தேன். இடப்பக்கம். லோகோவில் இருப்பது போலவே. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

“நீங்க இடது கையை மல்லாக்க வெச்சுப் பாருங்க, உள்ளங்கை தெரியுற மாதிரி.”

அவர் போனைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

“அட ஆமா! இப்போ இடது கைக்கும் பொருந்துதே.”

“அப்போ சரிதானே?”

“அப்போ எனக்கும் தெரியல சார்.” அவர் குரல் தாழ்ந்துவிட்டது. “இன்னொண்ணு. பிளாஸ்டிக்ல நேரா வரணும்னா இரும்புல நாங்க இடவலம் மாத்தித்தான் வெட்டுவோம். அதுக்குன்னு நீங்களே திருப்பி வெச்சுட்டீங்களா?”

“இல்ல. அதாவது, திருப்பினேன். ஆனா அதுக்காகத் திருப்பல.”

“எத்தனை தடவை திருப்பினீங்க?”

விரல் விட்டு எண்ணினேன். முதலில் மொத்தமாக, பிறகு லோகோவை மட்டும், நடுவில் சும்மா பார்க்க ஒரு தடவை திருப்பித் திரும்பப் பழையபடி வைத்தேனா, இல்லை வைக்கவே இல்லையா? ஐயோ சாமி. “கூப்பிடுறேன் சார்” என்று போனை வைத்தேன்.

பக்கத்தில் சாய்வு நாற்காலியில் அப்பா. டி.வி. பார்ப்பதுபோல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார்.

“சோத்தாங்கை எது, பீச்சாங்கை எதுன்னு தெரியாமத்தான் இவ்வளவு படிச்சியா? தள்ளு.” திரையில் இருந்த கைமேல் தன் இடது கையை வைத்தார். எடுத்தார். வலது கையை வைத்தார். “இது எனக்கு வலது. கம்ப்யூட்டருக்கு இடது.”

“கம்ப்யூட்டருக்கு ஏதுப்பா கை?”

“அப்போ நீ ஏன்டா அதுகிட்ட கேட்டுட்டு உக்காந்திருக்க?”

வலது கையையும் இடது கையையும் மாற்றி மாற்றிப் பார்த்ததில் எனக்கு இரண்டுமே யாரோ ஒருத்தருடைய கைகள் போலத் தெரிய ஆரம்பித்துவிட்டன.

அக்கா வந்தாள். வந்ததும் எங்கள் மூஞ்சியைப் பார்த்தாள். “என்னடா, ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க? அனுப்பிட்டியா?”

நான் உளறிக் கொட்டினேன். அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. “இது என் கைடா. என் கை எனக்குத் தெரியாதா? பிரிண்ட் எடு.”

அவள் வரைந்த அளவிலேயே லோகோவைப் பிரிண்ட் எடுத்து மேஜையில் விரித்தேன். அவள் இடது கையை அதன்மேல் வைத்தாள். கட்டைவிரல் எதிர்ப்பக்கம் போய் நின்றது. முகம் சுருங்கியது. கையை மல்லாக்கத் திருப்பி வைத்தாள். கட்டைவிரல் பொருந்தியது. “பாத்தியா?” என்று ஆரம்பித்தவள் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

சுண்டுவிரல் பொருந்தவில்லை.

அக்காவின் இடது கைச் சுண்டுவிரல் மோதிர விரலின் பக்கம் சாய்ந்தே நிற்கும். ஒரு நாள் அப்பாவின் ஸ்கேல் பலமாகவே விழுந்துவிட்டது. எலும்பு கோணலாகக் கூடியது. அந்த விரலைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேச மாட்டோம். காகிதத்தில் இருந்த சுண்டுவிரலோ குச்சி மாதிரி நேராக இருந்தது.

அக்கா மெல்ல வலது கையை எடுத்து வைத்தாள். அச்சாகப் பொருந்தியது.

“அக்கா, நீ இதை எந்தக் கையால வரைஞ்ச?”

“இது என்ன கேள்வி? இந்தக் கையாலதான்.” இடது கையைத் தூக்கிக் காட்டினாள். தூக்கியது தூக்கியபடி நின்றது. “ஐயய்யோ.”

பென்சில் இடது கையில் இருந்தால் காகிதத்தின்மேல் இருக்கும் கை எது? இடது கைக்காரி ஒருத்தி இடது கைக்காரர்களுக்காகக் கம்பெனி தொடங்கி, லோகோவாக அழகாக வலது கையை வரைந்து வைத்திருக்கிறாள். விசிட்டிங் கார்டு, பெட்டி, பேனர் எல்லாவற்றிலும் அந்தக் கைதான். நாங்கள் யாருமே கவனிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

“இதுக்கு எதுக்கு இவ்வளவு கலாட்டா?” என்றார் அப்பா. “திருப்பிப் போட்டா இடது கை ஆயிடும். போட்டுட்டு வேலையைப் பாருங்க.”

“வலது கையைத் திருப்பிப் போட்டு இடது கைன்னு சொல்லணுமா?” அக்கா காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “வாழ்க்கை பூரா என்னை அதைத்தானேப்பா செய்யச் சொன்னீங்க? முடியாது. என் கைதான் வேணும்.”

வலது கையில் பென்சிலை எடுத்து, இடது கையைக் காகிதத்தில் வைத்து வரைய முயன்றாள். கோடு ஆடியது. மணிக்கட்டிலேயே தடம் மாறிப் போனது. இன்னொரு காகிதம். அதுவும் அப்படியே. போன் வேறு அடித்தது. மோல்டுக்காரர். “இப்போ அனுப்புறோம் சார், இப்போ” என்று நான் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

திரும்பிப் பார்த்தால் பென்சில் அப்பாவின் கையில் இருந்தது.

“கையை ஆட்டாதம்மா” என்றார்.

மணிக்கட்டில் தொடங்கி, கட்டைவிரலைச் சுற்றி, ஒவ்வொரு விரலாக ஏறி இறங்கி வந்தார். சுண்டுவிரலுக்கு வந்ததும் பென்சில் நின்றது. ரொம்ப நேரம் நின்றது.

“இது நேரா நிக்காதாம்மா?”

“நிக்காதுப்பா.”

“வலிக்குதா இன்னும்?”

“குளிர் நாள்ல மட்டும்.” கையை அவள் எடுக்கவில்லை. “வரைங்கப்பா. அவர் காத்துட்டு இருக்கார்.”

அப்பா வரைந்தார். கோணல் விரலைச் சுற்றி, கோணலாகவே வரைந்தார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். பார்க்காததுபோல் காகிதத்தை வாங்கிப் போட்டோ எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். பழைய லோகோவை அழித்துவிட்டுப் புதியதை வைத்தேன். கட்டைவிரல் வலப்பக்கம். இந்தத் தடவை எதையும் எந்தப் பக்கமும் திருப்பவில்லை, சத்தியமாக. அனுப்பிவிட்டு முகம் கழுவப் போனேன்.

முகத்தில் தண்ணீரோடு இருக்கும்போதே மேஜையில் போன் அடித்தது. அப்பா எடுத்தார். ஸ்பீக்கரில் மோல்டுக்காரர் குரல் கேட்டது.

“இப்போ கை சரியா இருக்கு சார். ஆனா சுண்டுவிரல் கோணலா வந்திருக்கு. வரையும்போது பிசகிடுச்சு போல. வெட்டுறதுக்கு முன்னாடி நானே நேராக்கிடட்டுமா?”

அக்கா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேண்டாம்” என்றார் அப்பா. இன்னொரு தடவை சொன்னார். “நேராக்க வேண்டாம். அது என் பொண்ணு கை.”