முழங்கால் உயரத்தில் ஒரு கவாத்து

பல்லடம் பஸ்ஸிலிருந்து இறங்கி வண்டித்தடத்தில் திரும்பியதுமே குழந்தையம்மாளுக்குத் தூரத்துக் கோழிப்பண்ணையின் தகரக்கூரை தெரிந்தது. அது தெரியக்கூடாது. இடையில் அவளுடைய காட்டின் அறுநூறு முருங்கை மரங்கள் மறைத்து நிற்க வேண்டும்.

மகள் சுபஸ்ரீயின் பிரசவத்துக்காகச் சோமனூரில் பதினைந்து நாள் இருந்துவிட்டு வந்திருந்தாள். காய்ப்பு முடிந்த மரங்களைக் கவாத்து செய்யும் வேலையை, இறந்துபோன கணவரின் தம்பி கிட்டுசாமியிடம் விட்டுப் போயிருந்தாள். எங்கே வெட்ட வேண்டுமென்று தன் இடுப்பில் கை வைத்தே காட்டியிருந்தாள். இப்போது ஒவ்வொரு மரமும் முழங்கால் உயரத்துக்குக் கட்டையாக நின்றது. வெட்டிய கிளை ஒன்றுகூட இல்லை. நடுக்காட்டில் பெரிய வட்டமாகச் சாம்பல் கிடந்தது. அதன் ஓரத்தில் கிட்டுசாமி நின்றிருந்தான்.

"ஏனுங்க தம்பி, இடுப்பளவுக்குத்தானுங்க சொன்னேன்?"

"தண்டுக்குள்ள புழு உழுந்திருச்சுங்க நங்கை," என்றான் கிட்டுசாமி அண்ணியிடம். "எதுல இருக்குது, எதுல இல்லீன்னு வெளிய பாத்தாத் தெரியாதுங்க. அதான் எல்லாத்தயும் எறக்கிட்டேன்."

"கெளையெல்லாம்?"

"உட்டு வெச்சா மறுக்கா ஏறிக்குமுங்க. எரிச்சுப் போட்டேன்."

கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருந்ததுதான் அவளை உறுத்தியது. இரண்டு மாதத்துக்கு முன் திருப்பூர்க் கம்பெனிக்காரர் ஒருவரைக் கிட்டுசாமிதான் கூட்டிவந்தான். குடோன் கட்ட இடம் வேண்டுமாம். "மரம் காய்க்கற வரைக்கும் அந்தப் பேச்சே வேண்டாமுங்க" என்று அனுப்பிவிட்டாள். மரம் காய்க்காமல் போய்விட்டால்?

மறுநாளே மோட்டார் ரூமுக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டாள். சாணியைக் கரைத்து ஒவ்வொரு வெட்டுவாயிலும் பூசினாள். பூசுவதற்கு முன் குனிந்து துளை இருக்கிறதா என்று பார்த்தாள். தடத்துக்கு எதிர்க்கோடியிலிருந்து நாற்பது கட்டை இப்படிப் பார்த்துவிட்டு, மற்றவற்றுக்கு வெறுமனே பூசிக்கொண்டு போனாள். பார்த்தவை எல்லாம் வெள்ளையாக, ஈரமாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தன. களைக்கொல்லி வாசனை வருகிறதா என்று மண்ணை எடுத்து முகர்ந்தாள். பாத்தி கட்டி, தொழுவுரம் போட்டு, தண்ணீர் விட்டாள். கிட்டுசாமி தன் காட்டுக்குப் போகும்போதும் வரும்போதும் அவன் கையில் என்ன இருக்கிறது என்றே அவள் கண் போனது.

இருபதாம் நாள் கட்டைகளில் துளிர் வெடித்தது. வண்டித்தடத்தை ஒட்டிய இரண்டு வரிசையில் மட்டும் ஒன்றுமில்லை.

அவனைக் கூப்பிட்டு நிற்கவைத்து, அந்த வரிசையில் ஒரு கட்டையைக் கோடரியால் தானே பிளந்தாள். உள்ளே வேர்வரைக்கும் குடைந்திருந்தது. பழுப்புத் தூளுக்கு நடுவில் தடித்த புழு ஒன்று சுருண்டு நெளிந்தது. அவன் "நாந்தான் சொன்னேனே" என்று சொல்வான் என எதிர்பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"உங்ககிட்டச் சொல்லோணும்னே இருந்தேனுங்க நங்கை. என்ற காட்டை அந்தக் கம்பெனிக்காரருக்கே குடுத்துட்டேன்."

"எப்பொங்க?"

"நீங்க சோமனூர்ல இருந்தப்ப."

அவனுடைய காடு அவள் காட்டுக்குப் பின்னால் இருந்தது. இந்தத் தடம் ஒன்றுதான் வழி. மாட்டுவண்டிக்குப் போதும், லாரிக்குப் போதாது. இன்னும் இரண்டு வரிசை அகலம் வேண்டும்.

"லாரிக்கு வழி?"

"அவுங்க பாத்துக்குவாங்களாமுங்க," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

காலடியில் புழு இன்னும் நெளிந்துகொண்டிருந்தது. அது பொய்யில்லை. ஆனால் இந்த இரண்டு வரிசையை மட்டும் தேடி வந்த புழுவை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கிட்டுசாமி மெல்ல நகர்ந்து மூன்றாம் வரிசைக்குப் போனான். யாரும் சொல்லாமலே குனிந்து, துளிர்த்த கட்டையில் நல்ல கொழுந்தாக நாலு விட்டுவிட்டு மற்றதை நகத்தால் கிள்ளிப் போட்டான். அடுத்த கட்டைக்குப் போனான். குழந்தையம்மாள் கோடரியைக் கீழே வைக்காமல் அவன் பின்னாலேயே நடந்தாள், ஒவ்வொரு கட்டையிலும் நின்று, அவன் விட்டுவைத்த நாலையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தபடி.