ஷட்டரை இறக்கிக் கேட்ட சத்தம்

நாங்கள் மூன்று பேரும் உள்ளே இருக்க, கார் ஷெட்டின் ஷட்டர் இறங்கியது. மூடிய அறைக்குள் என்ஜினை ஓட விட்டால் ஆள் செத்துப்போவான் என்பது எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்கும் தெரியும், என் அண்ணனுக்கும் தெரியும். தெரிந்தும் இறக்கினார்கள்.

எல்லாம் பக்கத்து மரப்பட்டறையால் வந்தது. அங்கே ரம்பம் ஓடினால் நம் பேச்சு நமக்கே கேட்காது. எங்கள் காருக்கு வந்த நோயோ காதை வைத்துத்தான் பிடிக்க வேண்டிய நோய். என் மகளைவிட மூத்த கார் அது. நிற்கும்போது உடம்பெல்லாம் குலுங்கும், கியர் போட்டால் இருமிவிட்டு அணைந்துபோகும். முன்பக்கத்தில் எங்கேயோ 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் வேறு.

அண்ணன் பஸ் டிரைவர். வீட்டுக்காரர் தையல்காரர். இரண்டு பேருக்கும் தன் காதுதான் காது என்ற நினைப்பு.

"தையல் மிஷின்ல ஊசி லேசா விலகினாலும் எனக்குக் கேக்கும் மச்சான்."

"இது துணி தைக்காது மாப்ள. தள்ளி நில்லுங்க."

"புகைக்கு என்ன பண்ணப் போறீங்க?" என்று நடுவில் புகுந்து கேட்டேன்.

அண்ணன் அதற்கும் வழி செய்திருந்தான். சைலன்சர் வாயில் தடித்த ரப்பர் குழாயை மாட்டி, கம்பியால் முறுக்கி, மறுமுனையை ஷட்டர் ஓரத்தில் தண்ணீர் போகும் ஓட்டை வழியாகத் தெருவுக்கு விட்டிருந்தான். "பொட்டுப் புகை உள்ள வராது. பயந்தாங்கொள்ளி! ஏறி உக்காந்து ஆக்ஸிலேட்டரை மிதி."

ஏறி உட்கார்ந்து மிதித்தேன். என்ன சொல்லியும் மனசு அடங்கவில்லை.

பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார்கள். எதைப் பிடுங்கினாலும் என்ஜின் தள்ளாடியது. கடைசி ஒயரைப் பிடுங்கினால் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. "சும்மா உக்காந்து சம்பளம் வாங்குறது இவன்தான்" என்று அண்ணன் அந்தப் பிளக்கை மாற்றினான். குலுக்கல் குறைந்தது, டிக் டிக் போகவில்லை. அண்ணன் நீளமான ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை என்ஜினில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்து, "டேப்பட்தான், வால்வுல தட்டுது" என்றான். வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளாமல் பானெட்டுக்குள் இன்னும் ஆழமாகத் தலையை விட்டார்.

எனக்கு நெற்றியைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்கியதுபோல வலித்தது.

"தலை வலிக்குதுண்ணா. திறந்து விடு."

"இரு, பிடிபடப் போகுது. பேசாம மிதி."

அப்போது வீட்டுக்காரர் சிரித்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை, அவராகவே சிரித்தார்.

அண்ணன் என்ஜினின் பக்கவாட்டில் உள்ளங்கையை மெல்ல நகர்த்திக்கொண்டே போனான். ஓரிடத்தில் கை நின்றது. "மாட்டிக்கிச்சு! டேப்பட் இல்ல. சைலன்சர் குழாய் என்ஜினோட சேர்ற இடத்துல பேக்கிங் போயிருக்கு. இங்கதான் ஊதுது..."

அவன் முகத்தில் இருந்த சந்தோஷம் அப்படியே வடிந்தது. ஊதிக்கொண்டிருந்தது புகை. அந்த ரப்பர் குழாய் வரைக்கும் போகாமலே, இத்தனை நேரமும் அறைக்குள்ளே, குனிந்திருந்த என் வீட்டுக்காரரின் முகத்துக்கு நேராக. அது எழுப்பிய சத்தத்தைக் கேட்கத்தான் நாங்கள் ஷட்டரை இறக்கியிருந்தோம்.

"அணை! அணைச்சிடு!"

அணைத்தேன். அண்ணன் ஷட்டரை நோக்கி எட்டு வைத்தான், முழங்கால் மடங்கி விழுந்தான். வீட்டுக்காரர் பம்பரைப் பிடித்தபடி சரிந்து தரையில் உட்கார்ந்தார். கூப்பிட்டேன், ஏன் என்று கேட்கவில்லை.

இறங்கினேன். ஷட்டரைப் பிடித்து இழுத்தால் நாலு விரல் எழும்பி மறுபடி விழுந்தது. அதைத் தூக்க எப்போதுமே இரண்டு ஆம்பிளை வேண்டும். கத்தினேன். ரம்பச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? இனி இவர்கள் பிழைப்பதும் சாவதும் என் கையில்தான் என்று புரிந்தது.

காரின் பின்பக்கம் ஷட்டரைப் பார்த்து நின்றது. வழியில் கிடந்த அண்ணனை அக்குளில் கை கொடுத்துச் சுவரோரம் இழுத்துப் போட்டேன். வீட்டுக்காரரின் சட்டைக் காலரைப் பிடித்து டயரைவிட்டு நகர்த்தினேன். ஏறிச் சாவியைத் திருப்பினேன். "இன்னைக்கு மட்டும் அணையாத, உன் காலைப் பிடிக்கிறேன்" என்று அந்த இரும்பிடம் கெஞ்சினேன். பிடித்தது. ரிவர்ஸ் போட்டதும் இருமிக்கொண்டு அணைந்தது.

அழுகை வந்தது. அழுதுகொண்டே மறுபடி திருப்பினேன். ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்துக் கிளட்சைச் சட்டென்று விட்டேன். கார் துள்ளிப் பின்னால் பாய்ந்தது. தகரம் கிழிந்தது. வெயிலும் காற்றும் ரம்பச் சத்தமும் ஒன்றாக உள்ளே வந்தன.

பட்டறை ஆட்கள் ஓடிவந்து இரண்டு பேரையும் தெருவுக்குத் தூக்கி வந்தார்கள். யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். அண்ணன் வாந்தியெடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணுமில்ல, மாப்பிள்ளையைப் பாருங்க" என்றான்.

வீட்டுக்காரர் கண்ணைத் திறந்திருந்தார். மூச்சு சீராக வந்தது. போன உயிர் திரும்பி வந்ததுபோல இருந்தது எனக்கு. அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாயில் வந்தபடி திட்டினேன்.

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார்.

"யாரும்மா நீங்க?"

அண்ணன் பலவீனமாகச் சிரித்தான். "மாப்ள, விளையாடாதீங்க."

விளையாட்டில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து வாடி போடி தவிர வேறு வார்த்தையில் என்னைக் கூப்பிட்டதே இல்லை அந்த மனுஷன்.

"நான் உங்க பொண்டாட்டி" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அப்படிங்களா" என்றார் மரியாதையாக, தன் கன்னத்திலிருந்து என் கையை மெல்ல எடுத்து விட்டுக்கொண்டே.