மெஷின் சொன்ன லேட்

பிரிஜட்டுக்குத் தாளம் வராது. இது ரகசியம் ஒன்றும் இல்லை. கோயிலுக்குத் தமிழ்ப் பூசைக்கு வருகிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். பதினாலு வயதில் அவள் பாடற்குழுவில் சேர்ந்த முதல் வாரமே சூசைநாதன் அண்ணன் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டு, "பாப்பா, நீ வாயை மட்டும் அசைச்சா போதும்லா. சாமிக்குக் கேட்டுடும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அன்று ஆரம்பித்தது, கல்யாணமாகி, வயது முப்பதை நெருங்கியும் வாயைத்தான் அசைத்துக்கொண்டிருந்தாள். அப்படிப்பட்டவள், அதே குழுவில் டோலக்கு வாசிக்கிற சிலுவைராஜையே கட்டிக்கொண்டாள். தாளத்துக்கும் தாளம் தப்பினதுக்கும் கல்யாணம் என்று ஊர் வாய் சும்மா இருக்குமா? பந்தியிலேயே சொல்லிச் சிரித்தது.

தாளம்தான் வராதே தவிர, கணக்கும் கம்ப்யூட்டரும் நன்றாகவே வந்தன. தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் கம்பெனி ஆபீசில் புரோகிராம் எழுதுகிற வேலை. எண்பத்தைந்தாம் வருடம் போனஸ் வந்ததும் புக்கிட் மேரா வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்தில், ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். அந்த அடுக்குமாடி பிளாக்கிலேயே முதல் கம்ப்யூட்டர் அதுதான். சிலுவைராஜ் கப்பல்பட்டறையில் துரு தட்டிவிட்டு வந்து, கை கழுவாமல் அதைத் தொட மாட்டான். "இது உன்னோட பீடம்லா" என்பான்.

கூட வேலை செய்கிற ரபியா ஒரு டிஸ்க் கொடுத்தாள். அதில் ஒரு விளையாட்டு. திரையின் மேலிருந்து நட்சத்திரம் ஒன்று இறங்கிவரும். கீழே குறுக்காகக் கிழித்திருக்கிற கோட்டை அது தொடும்போது 'டிக்' என்று சத்தம் கேட்கும். சரியாக அந்த நேரத்தில் பட்டனைத் தட்ட வேண்டும். சரியாகத் தட்டினால் 'குட்' என்று வரும், பிந்தினால் 'லேட்' என்று வரும். அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் அது வேறொரு கம்பெனி மெஷினுக்காக எழுதியது. பிரிஜட்டின் மெஷினில் போட்டால் திரை இருண்டு கிடந்தது.

"ஓடாது, விட்டுடு" என்றாள் ரபியா. ஓடாது என்று யாராவது சொன்னால் பிரிஜட்டுக்குச் சோறு இறங்காது. அந்த விளையாட்டின் பாஷை தெரிந்த ஒரு கார்டை ஜாலான் புசார் கடையில் வாங்கிவந்து மெஷினுக்குள் சொருகினாள். கார்டுக்கு விளையாட்டு புரிந்தது. ஆனால் கார்டு சொல்வது மெஷினுக்குப் புரியவில்லை. நடுவில் நின்று மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு புரோகிராமை அவளே எழுதினாள். பூசைக்குப் போன நேரம் போக மிச்ச ஞாயிற்றுக்கிழமையெல்லாம் அதிலேயே கரைந்தது. கடைசியில் ஒரு நாள் நட்சத்திரம் இறங்கியது, 'டிக்' என்றது. பிரிஜட் நாற்காலியை விட்டு எழுந்து குதித்ததில் கீழ்வீட்டுக்காரர் கட்டையால் கூரையில் இடித்தார்.

அவளே முதலில் விளையாடினாள். குட், குட், குட். தன் கண்ணையே அவளால் நம்ப முடியவில்லை. பிறகு சிலுவைராஜ் உட்கார்ந்தான். டோலக்கு வாசிக்கும்போது செய்வதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்து, சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத் தட்டினான்.

லேட். லேட். லேட்.

"என்னடி இது?" என்று கண்ணைத் திறந்து சிரித்தான். "இன்னொரு தடவை போடு."

இன்னொரு தடவையும் அதேதான். அவனுக்குச் சிரிப்பு நின்றுபோனது. அவளுக்கு நிற்கவில்லை. இதை மறைத்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது? அன்று பிரிஜட்டுக்கு உச்சி குளிர்ந்துபோனது. தாளம் தெரியாதவள் என்று பேரெடுத்தவள், ஊரே மெச்சும் தாளக்காரனைத் தாளத்தில் ஜெயித்திருக்கிறாள். புருஷன்தான், இருந்தாலும் ஜெயிப்பு ஜெயிப்புதான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சிலுவைராஜ் ஓவர்டைமுக்குப் போயிருந்தான். பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்குகிறதே என்று பிரிஜட் சத்தத்தை அணைத்துவிட்டு விளையாடினாள். அப்போதும் எல்லாம் குட். கை பட்டனில் இருக்க, மனதில் ஏதோ இடறியது. சத்தமே இல்லாமல் இவ்வளவு சரியாகத் தட்ட முடிகிறது என்றால், இத்தனை நாளும் தான் காதைப் பயன்படுத்தவே இல்லை. கண்ணால் கோட்டைப் பார்த்துத்தான் தட்டியிருக்கிறாள். சத்தத்தைத் திறந்துவைத்து, ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டு, திரையைப் பார்த்தாள்.

நட்சத்திரம் கோட்டைத் தொட்டது. அப்புறம்தான் டிக் என்றது.

அவள் எழுதிய மொழிபெயர்ப்பு படத்தை உடனே சொல்லிவிட்டு, சத்தத்தை மூச்சு வாங்கிக்கொண்டு சொல்லியிருக்கிறது. கண் இமைக்கிற நேரம்கூட இல்லை. அவளைப்போல இருக்கிறவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. காதால் வாழ்கிறவனுக்கு அதுதான் முழுத் தப்பு. சிலுவைராஜ் சத்தத்தோடு சரியாகத்தான் தட்டியிருக்கிறான். சத்தம்தான் லேட்டாக வந்திருக்கிறது.

சரிசெய்வது எப்படி என்றும் அவளுக்குத் தெரிந்தது. சத்தம் வந்து சேரும்வரை நட்சத்திரத்தையும் பிடித்துவைக்க வேண்டும், அவ்வளவுதான். புரோகிராமில் எந்த இடத்தில் கை வைக்க வேண்டும் என்பதுகூடக் கண்ணுக்குள் நின்றது. பிரிஜட் மெஷினை அணைத்துவிட்டு, அரிசி களையப் போனாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள். அந்த 'நாளைக்கு' மறுநாளும் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்கியதும் இருவரும் பாடற்குழுவை வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருந்தார்கள். ஆட்டுக்கறியும் ரசமும் முடிந்ததும் எல்லோருடைய கண்ணும் மெஷின் மேல் போனது. கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சூசைநாதன் அண்ணன் நாற்காலியை விட்டு அசையவில்லை. பள்ளிக்கூட வாத்தியார் எட்மண்ட் உட்கார்ந்தான். குழுவில் சிலுவைராஜுக்கு அடுத்தபடியாக டோலக்கு தெரிந்தவன் அவன்தான். திரையை முறைத்துப் பார்த்துத் தட்டினான், பாதிக்கு மேல் குட். பிரிஜட் உட்கார்ந்தாள், எல்லாமே குட். கைதட்டல் கூரையைப் பிளந்தது. "நம்ம பாப்பாவா இது!" என்றார் அண்ணன்.

பிறகு சிலுவைராஜைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அவன் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டான். திரையில் லேட், லேட் என்று வரிசையாக வந்தது. ஒவ்வொன்றையும் எட்மண்ட் உரக்க வாசித்தான்.

"பட்டறையில சுத்தியல் சத்தம் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போச்சு போல" என்றார் அண்ணன். சும்மா கேலிக்குத்தான் சொன்னார். வீடே சிரித்தது. பிரிஜட்டும் சிரித்தாள்.

சிலுவைராஜ் மட்டும் திரும்பி அவளைப் பார்த்தான். கோபமாக இல்லை. உடம்பில் ஏதோ கோளாறு இருக்கிறதா என்று டாக்டர் முகத்தைப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தான். பிரிஜட் தட்டுகளை அடுக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றாள். வெட்கமாக இருந்தது. ஆனால் இப்போது போய்ச் சொன்னால் அந்தக் கைதட்டலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அடுத்த ஒத்திகையில் விபரீதம் ஆரம்பித்தது. கிறிஸ்துமஸ் நடுச்சாமப் பூசைக்குப் புதுப் பாட்டு. ஆர்மோனியம் ஒரு பக்கம் போக, டோலக்கு அதற்கு முன்னால் ஓடியது. சூசைநாதன் அண்ணன் வாசிப்பை நிறுத்தினார்.

"தம்பி, எங்க ஓடுற? பஸ்ஸா பிடிக்கப் போற?"

"லேட் ஆகக் கூடாதுன்னுதாண்ணே" என்றான் சிலுவைராஜ்.

அவன் கேலிக்குச் சொல்லவில்லை. வீட்டில் அவள் பார்க்காத நேரத்திலெல்லாம் அந்த விளையாட்டின் முன்னால் உட்கார்ந்து, சத்தம் வருவதற்கு முன்பே தட்டப் பழகியிருக்கிறான். இப்போது அவனுக்கும் குட் வருகிறது. பொய்யான மெஷினுக்கு ஏற்றபடி மெய்யான கையை வளைத்துவிட்டான். அவன் முந்த முந்தப் பாடுகிறவர்கள் தடுமாறினார்கள். மூன்றாவது தடவை பாட்டு உடைந்தபோது யாரும் சிரிக்கவில்லை. சிலுவைராஜ் டோலக்கின் வாரைக் கழுத்திலிருந்து கழற்றி, எட்மண்ட் மடியில் வைத்தான்.

"காது போச்சுண்ணே. பட்டறையில முத்துசாமி அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. இப்ப பக்கத்துல நின்னு கத்தினாலும் கேக்க மாட்டேங்குது. என்னால கிறிஸ்துமஸ் கெட வேணாம்."

பெண்கள் வரிசையில் வாயைத் திறந்தபடி நின்றிருந்த பிரிஜட், மூட மறந்துபோனாள்.

ஒத்திகை முடிந்து சிராங்கூன் ரோட்டு பஸ் ஸ்டாப்பில் இருவரும் நின்றார்கள். பூக்கடைக்காரன் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். சிலுவைராஜின் வலது கை விரல்கள் தொடையில் தானாகத் தட்டின, நின்றன, மறுபடி தட்டின.

"என்னங்க" என்றாள் பிரிஜட். "உங்க காதுல ஒண்ணும் இல்ல. நான் எழுதுன புரோகிராம்லதான் தப்பு. சத்தம் கொஞ்சம் பிந்தி வருது. நீங்க சரியாத்தான் தட்டினீங்க."

அவன் விரல்கள் நின்றன.

"எப்பத் தெரிஞ்சுது?"

"அண்ணனெல்லாம் சாப்பிட வர்றதுக்கு முன்னாடியே."

"அப்பறம் ஏன் சொல்லல?"

எத்தனையோ பதில்களை யோசித்து வைத்திருந்தாள். அவற்றை விட்டுவிட்டு, "ஜெயிச்சுக்கிட்டு இருந்தேங்க" என்றாள்.

பஸ் வந்தது. அவன் கை காட்டவில்லை, அது போய்விட்டது.

"போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன், உனக்குத் தெரியாம" என்றான் சிலுவைராஜ். "ஒரு கூண்டுல உக்கார வச்சு, காதுல ஹெட்போன் மாட்டி, டெஸ்ட் பண்ணாங்க. காது ரொம்ப நல்லாருக்கு, பயப்படாதன்னு சொன்னாரு டாக்டர். நான்தான் நம்பல. நீ செஞ்ச மெஷின் எப்படிப் பொய் சொல்லும்னு நெனச்சேன்."

அவன் திட்டியிருந்தால் தேவலை. நடுரோட்டில் ஓர் அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பிரிஜட் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவன் அவளைச் சமாதானப்படுத்தவும் இல்லை, தள்ளி நிற்கவும் இல்லை.

அடுத்த ஒத்திகைக்கு இருவரும் சீக்கிரமே போனார்கள். முந்தின இரவே பிரிஜட் புரோகிராமைச் சரிசெய்திருந்தாள். சிலுவைராஜ் அதை விளையாடிப் பார்க்கவில்லை. கூட்டம் சேர்ந்ததும் அவனே பேச்சை எடுத்தான்.

"அண்ணே, அந்த மெஷின்லதான் கோளாறாம். என் காது நல்லாத்தான் இருக்கு."

"அப்படியா?" சூசைநாதன் அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "பிரிஜட்டுக்குத் தெரியாமலா இருந்துச்சு?"

"அவளுக்கு எப்படிண்ணே தெரியும்? நேத்துத்தான் கண்டுபிடிச்சா."

சிலுவைராஜ் கோயில் மண்டபத்தில் நின்றுகொண்டு பொய் சொன்னான். அவளுக்காகச் சொன்னான். பிரிஜட்டுக்கு உடம்பெல்லாம் கூசியது. பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வாயை மட்டும் அசைத்தே காலம் தள்ளியவளுக்குப் பேசாமல் இருப்பது ஒன்றும் புதிதில்லை.

"தெரியும்" என்றாள்.

சத்தமாகவே வந்துவிட்டது. எல்லோரும் திரும்பினார்கள்.

"எங்க வீட்டுக்கு நீங்க எல்லாரும் வந்தப்பவே எனக்குத் தெரியும். அவரை நீங்க கேலி பண்ணப்பத் தெரிஞ்சுக்கிட்டே சிரிச்சேன். அவர் சொல்றது எனக்காக."

எட்மண்ட் தரையைப் பார்த்தான். சூசைநாதன் அண்ணன் ஆர்மோனியத்தின் தூசியை விரலால் துடைத்தார். எட்மண்ட் எழுந்துபோய் டோலக்கைச் சிலுவைராஜ் கழுத்தில் மாட்டிவிட்டான்.

"ஆரம்பிப்போம் தம்பி" என்றார் அண்ணன்.

பாட்டு தொடங்கியது. சிலுவைராஜ் கண்ணை மூடினான், தலையைச் சாய்த்தான். கை தோலில் விழுந்தது. பாட்டுக்கு முன்னால் விழுந்தது. அவன் நிறுத்தி, உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, மறுபடி வாசித்தான். மறுபடியும் கொஞ்சம் முந்தியது. மெஷினில் சத்தம் எவ்வளவு பிந்தியதோ, சரியாக அவ்வளவு.

"பரவால்ல, பரவால்ல, சரியாயிடும்" என்றார் அண்ணன்.

பிரிஜட் வாயை மூடிக்கொண்டு நின்றாள். தாளமே தெரியாத அவளுக்கு, அந்த ஒரு தப்பு மட்டும் தெளிவாகக் கேட்டது.