நினைவகம் போதவில்லை

1

இந்தக் கதை என்னுடையது இல்லை, என் அக்காவுடையது. கேட்காமல் எடுத்துக்கொண்டேன். கேட்டிருந்தால், "போடா, வேலையத்தவனே" என்றிருப்பாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: கணினிப் பொறியாளரான அவள், தலைப்பிள்ளை பிறந்த அன்றே இறந்துபோன பிறகு, மறுபடி கருத்தரிக்க —

(வேண்டாம். எடுத்த எடுப்பிலேயே அழவைப்பது அயோக்கியத்தனம். கணினியிலிருந்து வருகிறேன்.)

2

கணினியில் ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும், அதாவது புரோகிராமுக்கும், ஓர் எண் உண்டு. ஒரு நிரல் தொடங்கிவைக்கும் இன்னொரு நிரலை அதன் பிள்ளை என்பார்கள். சில நிரல்களைத் தனிக்குடித்தனம் வைக்கலாம். அங்கே எண்கள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். வேடிக்கை என்னவென்றால், அந்த வீட்டைக் கேட்டு வாங்கிய நிரல் உள்ளே போகாது. வெளியே நின்றபடி அது பெறும் முதல் பிள்ளைதான் உள்ளே ஒன்றாம் எண்.*

* அந்த ஒன்றாம் எண் செத்தால் வீடே முடிந்தது. பிறகு அங்கே எதுவும் பிறக்காது.

அக்கா செய்த தப்பு இதுதான்: முதல் பிள்ளையாக ஒரு சின்னத் துப்புரவு நிரலை அனுப்பிவிட்டாள். அது கூட்டிப் பெருக்கியது, வேலை முடிந்ததும் செத்தது. அடுத்ததைப் பெறப் போனபோது கணினி சொன்னது: 'நினைவகம் போதவில்லை.'

நம்பிவிட்டாள். கூடுதல் நினைவகம், அதாவது மெமரி, வாங்கிப் போட்டாள். அதே பதில். இன்னும் போட்டாள்.

"என்ன மேடம், யானைப் பசிக்குச் சோளப்பொரியா?" என்று அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் கிண்டலடித்தார்.

3

இங்கே அக்காவின் மாமியார் வரவேண்டும். கொடுமைக்காரியாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. நிஜத்தில் நல்ல மனுஷி, அதுதான் கொடுமை.

"உனக்கு உடம்புல தெம்பு பத்தலை கண்ணு. நல்லா சாப்பிடு, தானா உண்டாகும்."

வருஷக்கணக்கில் அக்கா மறுபேச்சில்லாமல் சாப்பிட்டாள்.

கணினியின் கோளாறு பிடிபட்ட அன்று, அலுவலகம் என்றும் பாராமல் ஓவென்று அழுதிருக்கிறாள். பக்கத்து இருக்கைக்காரர் பதறிப்போனார்.

"அதான் சரியாயிடுச்சே மேடம்?"

"எதுவுமே பத்தாமப் போகலைங்க. முதல்ல பொறந்தது செத்துப்போச்சு, அவ்வளவுதான். அதைச் சொல்லாம, என்கிட்டதான் ஏதோ இல்லைன்னு சொல்லிட்டே இருந்திருக்கு."

4

முடிவுகள். ஒன்று: குழந்தை பிறக்கிறது. (பொய்.) இரண்டு: தத்தெடுக்கிறார்கள். (அக்கா வீட்டுக்காரர், மாமா, சம்மதிக்கவில்லை.) மூன்றாவதில் அவள் எல்லாவற்றையும் மறந்து —

அதற்குள் அக்கா என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று படித்துவிட்டாள். வாங்கிக்கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை.

"மெஷின்ல பழைய வீட்டை அழிச்சிட்டுப் புதுசா ஒண்ணு போட்டேன்டா. ஒரு நிமிஷ வேலை. எனக்கு என்ன முடிவுடா போடுவே?"

பதில் உங்களிடம் இருந்தால் நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள். இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறாள்.