உச்சிவரை ஏறிய சிவப்பு

தம்பி இறந்துபோன இருபத்தைந்தாம் நாள், அவனோடு கணினியில் கார்ப் பந்தயம் ஓட்டிய நண்பன், மேசைக்கடியில் பொருத்தியிருந்த விளையாட்டுப் பெடல்களை எடுத்துப்போக வந்தான். அவனுக்குத்தான் தர வேண்டும் என்று தம்பி சொல்லிவைத்திருந்தான். வளைவுகளில் தாமதமாகவே பிரேக் பிடிப்பதால் நண்பனின் பட்டப்பெயர் ‘லேட்டு’.

“வீட்டுக்கு வர்றதுலயும் லேட்டுதாங்க்கா,” என்றான். சிரிக்கப் பார்த்து முடியாமல், பையில் ஸ்பேனரைத் தேடினான்.

“கழட்டறதுக்கு முன்னாடி ஒருதடவை ஓட்டு. அந்தக் கார்ச் சத்தத்தைக் கேக்கணும்,” என்றேன்.

உட்கார்ந்தான். முதல் வளைவில் பிரேக்கில் காலை வைத்ததுமே திரையில் சக்கரங்கள் இறுகி, கார் சறுக்கிச் சுவரில் மோதியது.

“என்னக்கா இது, தொட்டாலே பூட்டிக்குது! முதல்ல பலமா மிதி, அப்புறம் ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்பக் கொஞ்சங்கொஞ்சமா விடுன்னு எனக்குப் பாடம் எடுத்தவனே அவன்தான்.”

அமைப்புகள் பக்கத்தைத் திறந்தான். “இந்த பிரேக், கால் எவ்வளவு தூரம் போகுதுன்னு பாக்காதுக்கா. எவ்வளவு எடை விழுதுன்னுதான் பாக்கும். எத்தனை கிலோ விழுந்தா முழு பிரேக்குன்னு நாமதான் சொல்லி வைக்கணும். இவன் அறுபது வெச்சிருந்தான். எனக்கு முப்பதுதான். ‘அது காலா, பஞ்சா’ம்பான்.”

தம்பி சேமித்து வைத்த அளவுகள் தேதியோடு வரிசையாக இருந்தன. ஜனவரியில் அறுபது. மார்ச்சில் நாற்பத்தொன்று. ஏப்ரலில் பதினெட்டு. மேயில் ஏழு. ஜூனில் இரண்டு.

“எதுக்கு இப்படிக் குறைச்சுக்கிட்டே வந்தான்?” என்றான் லேட்டு.

எனக்குப் புரிந்துவிட்டது.

நரம்பு நோய் என்று தெரிந்த அன்றே மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். “கால்ல பலம் குறைஞ்சா உடனே கூட்டிட்டு வாங்க. ஆஸ்பத்திரியில சேத்துத்தான் வைத்தியம் பாக்கணும். நாள் கடத்தாதீங்க.” தம்பிக்கு ஆஸ்பத்திரி என்றாலே ஆகாது. கேட்டால் மழுப்புவான். அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். மாலையில் தேநீர் கொடுக்கும் சாக்கில் அவன் பின்னால் நின்று, திரையோரம் இருக்கும் பிரேக்கின் சிவப்புப் பட்டையைப் பார்ப்பேன். அது உச்சிவரை ஏறினால் கால் நன்றாக இருக்கிறது என்று கணக்கு.

தினமும் ஏறியது. “அப்படியேதான் இருக்கு டாக்டர்,” என்று ஒவ்வொரு முறையும் நிம்மதியாகச் சொன்னேன். ஒருநாள் அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல், “ஃபுல்லுக்கா. போதுமா? டீயை வெச்சிட்டுக் கிளம்பு,” என்றான். செல்லமாகத் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்தேன்.

“மறுபடி அறுபதுக்கே மாத்திடவாக்கா?” என்றான் லேட்டு.

“இரு. எதையும் தொடாதே.”

தரையில் மண்டியிட்டு, பிரேக் பெடலின் மேல் கையை வைத்தேன். அழுத்தவில்லை. தூங்குகிறவன் நெற்றியில் வைப்பதுபோலத்தான் வைத்தேன். திரையில் சிவப்பு உச்சிவரை ஏறி நின்றது.

லேட்டு என்னவோ கேட்டுக்கொண்டிருந்தான். எனக்குக் கையை எடுக்க வரவில்லை.