காகிதக் கட்டில்

வீட்டை விற்பது என்று முடிவான மறுநாளே அண்ணன் அதை அளக்க ஆரம்பித்துவிட்டார். அளப்பது அவருக்குத் தொழில். முப்பத்தாறு வருஷம் ஒரு இன்ஜினியர் ஆபீஸில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவர். பேச்சையும் அளந்துதான் பேசுவார், சிரிப்பையும் அளந்துதான் சிரிப்பார். தெருவில் அவருக்கு ஸ்கேல்காரர் என்று பெயர். சட்டைப் பையில் ஒரு பென்சிலும் ஒரு ரப்பரும் எப்போதும் இருக்கும். ரிட்டயராகி ஆறு வருஷமாகியும் அந்தப் பை காலியாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

டேப்பின் மறுமுனையைப் பிடித்தவள் அவருடைய தங்கை. வயது அறுபத்தொன்று ஆகிறது, இன்னும் எல்லோருக்கும் 'பாப்பா'தான். ரெடிமேட் துணிக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவள். நாற்பது மடிப்புத் துணியை ஒன்றாக அடுக்கி ஒரே வெட்டில் வெட்டிய கை அது. கல்யாணமாகி மூன்றாம் வருஷம் ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தாள். அன்றிலிருந்து பின்பக்கத்துச் சின்ன அறை அவளுடையது. படுத்த படுக்கையான அம்மாவை ஒன்பது வருஷம் அவள் பார்த்துக்கொண்டதும் அந்த அறையில்தான்.

அப்பா சாகும்போது வீட்டை இரண்டு பிள்ளைகளுக்கும் சரிபாதியாக எழுதிவைத்திருந்தார். பாப்பா அதைப் பற்றி யோசித்ததே கிடையாது. எந்தக் காகிதம் வந்தாலும் அண்ணன் படித்துப் பார்த்து, கையெழுத்து விழ வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி போட்டு நீட்டுவார். அவள் குறியின் மேல் போடுவாள். முப்பது வருஷமாக அதுதான் பழக்கம். நாமும் ஒரு தடவை படித்துப் பார்ப்போம் என்று நினைத்தால்கூட அண்ணன் முகம் வாடிவிடுமோ என்று பயம்.

வீட்டுக்கு வயதாகிவிட்டது, மாடிப்படி முழங்காலுக்கு ஆகவில்லை, லிஃப்ட் வைத்த புதுக் கட்டிடத்தில் நாலாவது மாடியில் மூன்று படுக்கையறை ஃப்ளாட் வாங்கப்போகிறோம் என்று அண்ணன் சொன்னபோது, "நல்லதுண்ணா" என்றாள். விற்கிற பணம் முழுக்க அதில் போகும் என்றார். அதற்கும் நல்லது என்றுதான் சொன்னாள். மூன்று அறை; அண்ணன், அண்ணி, தான் என்று மூன்று பேர். கணக்கு தானாகவே சரியாக வந்தது.

பிறகு புரோக்கர் வந்தார். வாங்குகிறவர் கண்ணுக்கு வீடு எப்படித் தெரிய வேண்டும் என்பதற்கு அவரிடம் ஒரு வேதமே இருந்தது. சுவரில் குடும்பப் போட்டோ கூடாது. சொட்டுகிற குழாய்க்கெல்லாம் வாஷர் மாற்ற வேண்டும். ஓதம் ஏறிய சுவருக்கு இரண்டு கை பெயிண்ட், அதற்கு முன்னால் பீரோ. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இவருக்குக் கை வந்த கலை என்று பாப்பா நினைத்துக்கொண்டாள். பின்பக்க அறைக்கு வந்ததும் புரோக்கர் உதட்டைப் பிதுக்கினார்.

"இந்தக் கட்டில் இருக்கிற வரைக்கும் ரூம் தீப்பெட்டி மாதிரிதான் தெரியும். கழட்டிடுங்க சார். அப்புறம்... ஆளுங்க கம்மியா இருந்தா வீடு பெருசா தெரியும்."

யாரும் பாப்பாவைப் பார்க்கவில்லை. எல்லோரும் கட்டிலைத்தான் பார்த்தார்கள். அன்று மாலையே கட்டில் நாலு கட்டையாகப் பிரிந்து பின் சுவரில் சாய்ந்தது. ஹாலில் பாய் விரித்துக்கொண்டாள். வீடு பார்க்க ஆள் வரும் நாட்களில் பையை எடுத்துக்கொண்டு தெருமுனை பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்வாள். பஸ் வரும், நிற்கும், ஏறச் சொல்லிக் கண்டக்டர் கத்துவார், போகும். ஒருநாள் சீக்கிரம் திரும்பிவிட்டபோது, அண்ணன் ஒரு தம்பதியிடம் அவளுடைய அறையைக் காட்டி, "இது சாமான் ரூம்" என்பது வாசல்வரை கேட்டது. விற்கிற வீட்டில் ஆயிரம் சொல்வார்கள், அதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தத் தம்பதிதான் கடைசியில் வீட்டை வாங்குவதாகச் சொன்னார்கள்.

உடனே சாப்பாட்டு மேசை மேல் புது ஃப்ளாட் வந்து இறங்கியது. பெரிய சார்ட் பேப்பரில் அண்ணன் அதை வரைந்திருந்தார், ஓர் அடிக்கு அரை அங்குலம் என்று. வீட்டிலிருந்த ஒவ்வொரு சாமானையும் அதே அளவில் அட்டையில் வெட்டி, மேலே பெயர் எழுதி, குண்டூசி குத்தி வைத்திருந்தார். பீரோ, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், செருப்பு ஸ்டாண்டுகூட இருந்தது. தினமும் சாயங்காலம் காபி டம்ளரோடு உட்கார்ந்து, சோபாவை ஜன்னலோரம் தள்ளுவார், மறுபடி கதவோரம் இழுப்பார்.

"எல்லாம் பென்சில்லதான் இருக்கு. எதை வேணாலும் மாத்திக்கலாம்" என்று பெருந்தன்மையாகச் சொல்வார்.

பெரிய அறையில் இரட்டைக் கட்டில். இரண்டாவது அறையில் வருஷத்துக்குப் பத்து நாள் வந்து போகிற மகனுக்கு ஒரு கட்டில், ஒரு அலமாரி. மூன்றாவது அறையின் நடுவில் ஒய்யாரமாக அண்ணனின் வரைபட மேசை. பாப்பாவின் கட்டில் எங்கேயும் இல்லை.

முதலில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. கட்டில் கழற்றிக் கிடக்கிறது, அளக்க மறந்திருப்பார் என்று நினைத்தாள். அதற்குள் ஆசை முந்திக்கொண்டு, அட்டை கீழே விழுந்திருக்குமோ என்று மேசைக்கடியில் குனிந்து இரண்டு தடவை பெருக்கினாள். கிடைத்தது ஒரு குண்டூசி மட்டும்.

வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் கேட்டு வாங்கும் பழக்கம் கிடையாது. கேட்டால் பதில் வந்துவிடும், வந்த பதிலோடு குடித்தனம் நடத்த வேண்டும். அதனால் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தாள். பழைய காலண்டர் அட்டையில் மூன்று அங்குல நீளம், ஒன்றரை அங்குல அகலம் அளந்து, பிசிறில்லாமல் ஒரு கட்டில் வெட்டினாள். 'பாப்பா' என்று எழுதி, வரைபட மேசைக்குப் பக்கத்தில் சுவரோரமாகக் குத்தி வைத்தாள். மேசைக்கு ஒரு மயிரளவும் இடைஞ்சலில்லை.

மறுநாள் காலையில் அது அங்கே இல்லை.

மறுபடி வெட்டினாள். இந்தத் தடவை மகன் அறையில் வைத்தாள், அவன் வரும்போது ஹாலுக்கு வந்துவிட்டால் போச்சு. அதுவும் காணாமல் போனது. மூன்றாவதை ஹால் மூலையில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வைக்கும்போது அவளுக்கே அழுகை வந்தது. மறுநாள் செருப்பு ஸ்டாண்டு அதே இடத்தில் இருந்தது. கட்டிலைக் காணோம்.

இது அண்ணியின் வேலை என்று தீர்மானமாக நினைத்தாள். வேறு யார்? நாத்தனார் என்றால் அண்ணிமாருக்கு எப்போதும் கண்ணில் விழுந்த தூசிதான். முப்பத்தைந்து வருஷம் ஒரே அடுப்படியில் நின்றும் இந்த அண்ணியின் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது, சரியான கல்லுளிமங்கி. அண்ணன் பாவம், வாயில்லாப் பூச்சி. இரண்டு நாள் பாத்திரத்தை டணங்கென்று வைத்தாள். மூன்றாம் நாள், பழைய துணியில் கண்ணாடி டம்ளர்களைச் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, அடக்கி வைத்தது பொங்கிவிட்டது.

"ஏன் அண்ணி, நான் என்ன பெரிய மாளிகையா கேட்டேன்? மூணு அங்குலம். அதுகூடவா உங்க கண்ணை உறுத்துது?"

அண்ணியின் கை அப்படியே நின்றது. எழுந்து போனாள். திரும்பி வந்தபோது ஒரு கையில் பழைய கல்யாணப் பத்திரிகைக் கவர், இன்னொரு கையில் அண்ணன் படங்களைச் சுருட்டி வைக்கும் நீளக் குழாய். கவரைக் கவிழ்த்தாள். மூன்று காலண்டர் கட்டில்களும் பாப்பாவின் மடியில் விழுந்தன.

"குப்பைக் கூடையில கிடந்துச்சு. தூக்கிப் போட மனசு வரல, எடுத்து வச்சேன். உன்கிட்ட சொல்லவும் தைரியம் வரல பாப்பா."

"அப்ப இதை எடுத்தது..."

அண்ணி குழாயிலிருந்து ஒரு தாளை உருவி விரித்தாள். சின்னத் தாள். எட்டுக்குப் பத்து அடியில் ஒரே ஒரு அறை. கதவு எந்தப் பக்கம் திறக்கும், ஜன்னல் தரையிலிருந்து எவ்வளவு உயரம், சுவிட்ச் எங்கே, எல்லாம் அண்ணனின் அழகான கையெழுத்தில். மூலையில் கட்டமிட்டு எழுதியிருந்தது: 'முதிய மகளிர் விடுதி. அறை எண் 14. பாப்பா.' கீழே தேதி. வீட்டை விற்கப்போகிறோம் என்று அவளிடம் சொன்னதற்கு மூன்று வாரம் முந்தைய தேதி.

அறையின் சுவரோரம் கட்டில் இருந்தது, மூன்றுக்கு ஒன்றரை அங்குலம். பாப்பா விரலால் நகர்த்திப் பார்த்தாள். நகரவில்லை. மற்ற சாமானுக்கெல்லாம் குண்டூசி குத்தியவர், இதை மட்டும் பசை போட்டு ஒட்டியிருந்தார்.

"நேர்ல போயா அளந்தாரு?"

"ம்."

"டேப்பை யாரு பிடிச்சா?"

அண்ணி தலை குனிந்தாள். "நான்தான் பிடிச்சேன். வீடு மாறுற அன்னிக்குச் சொல்லிக்கலாம்னாரு. முன்னாடியே சொன்னா நீ அழுவேன்னாரு."

பாப்பா அழவில்லை. தன்னிடம் இரக்கமில்லாமல் செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இவ்வளவு அக்கறையாக, சுவிட்ச் இருக்கும் இடம் வரை பார்த்து, ஒரு ஆளை வெளியே வைக்க முடியும் என்பதுதான் அவளால் தாங்க முடியவில்லை. தாளைச் சுருட்டிக் குழாயில் போட்டாள். மீதி டம்ளர்களையும் துணி சுற்றி அடுக்கி முடித்தாள். ஒன்றும் உடையவில்லை.

பதிவுக்கு இரண்டு நாள் முன்னால், பத்திரம் எழுதுகிறவர் கூப்பிட்டனுப்பினார். நாலு பேர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும் அறை. பத்திர நகலை அண்ணன் வரி விடாமல் படித்துச் சரிபார்த்தார். பிறகு தனியாக ஒரு காகிதத்தை எடுத்தார். பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு, பென்சிலை மேசை மேல் வைத்துவிட்டு, காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"இதுல ஒண்ணு போட்டுடு பாப்பா. சும்மா ஃபார்மாலிட்டி."

பாப்பா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். அண்ணனின் புருவம் உயர்ந்தது. அவள் முதல் வரியிலிருந்து படித்தாள், உதடு அசைய, மெதுவாக. விற்பனைத் தொகையில் தன் பாதியும் அண்ணன் கணக்கிலேயே சேர முழுச் சம்மதம் என்று எழுதியிருந்தது. பத்திரக்காரர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார்.

படித்து முடித்ததும் கை நீட்டி, அண்ணனின் சட்டைப் பையிலிருந்து ரப்பரை எடுத்தாள். பெருக்கல் குறியை அழித்தாள். காகிதம் கிழியாமல், கவனமாக, ஒரு கோடுகூடத் தெரியாத அளவுக்கு அழித்தாள்.

"என்ன பண்றே நீ?"

"வீட்டை விக்கிறதுக்கு எங்க வேணாலும் கையெழுத்து போடறேன்ணா. இது வேண்டாம். என் பாதி என் பேர்லயே வரட்டும்." பத்திரக்காரரிடம் திரும்பினாள். "ரெண்டு செக்கா வாங்கிக்கலாம் இல்லையா?"

"தாராளமா" என்றார் அவர், தாளைப் பார்த்தபடி.

அண்ணன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "அப்ப அந்த ஃப்ளாட்டை எப்படி வாங்குறது? மூணு ரூம்னு பேசி முடிச்சாச்சு!"

"ரெண்டு ரூம் ஃப்ளாட்டா பாரு. எல்லாம் பென்சில்லதானே இருக்கு? மாத்திக்கலாம்." அவள் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "பதினாலாம் நம்பர் ரூமை மட்டும்தான் மாத்த முடியாது. அதைப் பசை போட்டு ஒட்டிட்டே."

அண்ணன் அவளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கடைசியில் தன் காலி சட்டைப் பையைப் பார்த்தார். பாப்பா காத்திருந்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கேள்வி. நீ எங்கே போவாய் என்று கேட்டால் போதும். கேட்டுவிட்டால், முப்பது வருஷத்துப் பழக்கம், அந்தக் காகிதத்தை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டாலும் இழுத்துக்கொள்வாள். அது அவளுக்கே தெரிந்திருந்தது, அதனால்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் தொண்டையைக் கனைத்தார்.

"ரெண்டு ரூம்னா," என்றார், நிஜமாகவே திகைத்துப்போய், "என் மேசையை எங்க போடுறது?"

பாப்பா ரப்பரை அவர் பையிலேயே திரும்பப் போட்டாள். மேசை மேல் சிதறியிருந்த ரப்பர் தூளை உள்ளங்கையால் கூட்டி எடுத்து, வெளியே போய்த் தட்டிவிட்டு, உள்ளே திரும்பாமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். பஸ் வந்தது. இந்தத் தடவை ஏறினாள்.