ஏழாம் தொகுதியின் கிழக்கு எல்லை

புதுத் தொகுதி எல்லைகள் மீது ஆட்சேபனை மனு வாங்கும் கடைசி நாளன்று, மூன்றாவது கவுண்டரில் உட்கார்ந்திருந்த கோட்டம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலி நுனிக்கு வருவதும், முத்திரைக் கட்டையை இடம் மாற்றி வைப்பதும், வாசலை எட்டிப் பார்ப்பதுமாகக் காலையிலிருந்து இதே பாடு. வரைபடப் பிரிவில் பதினான்கு வருடமாகக் கோடு போட்டுப் போட்டு வந்த பேர் அது. சொந்தப் பேர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. கூட்டம் அதிகம் என்று இன்று அவளையும் மனு வாங்க உட்கார வைத்துவிட்டார்கள். மணி நாலரை. ஐந்துக்குக் கதவை மூடிவிடுவார்கள். அக்கா வராமல் இருந்தால் தேவலை என்று நினைத்தாள். வராவிட்டால் அதைவிட மோசம் என்றும் நினைத்தாள்.

வரிசையில் வாய்ச்சண்டை களைகட்டியிருந்தது.

"எங்க தெருவை நடுவுல பொளந்துட்டாங்க. எதிர்வீட்டுக்காரருக்கு ஒரு தொகுதி, எனக்கு ஒரு தொகுதி. இது என்ன கூத்து?" என்றார் ஒரு தையல்காரர்.

அவருக்குப் பின்னால் நின்ற பஸ் டிரைவர் விடவில்லை. "உங்க ஆளுங்க இருந்தப்ப மட்டும் என்ன வாழ்ந்துச்சாம்? எங்க பேட்டையை நாலா வெட்டுனாங்களே, அப்ப நீங்க எங்க போயிருந்தீங்க?"

இரண்டு பேரும் சொன்னது உண்மை. அப்போதைய நாலு துண்டும் இப்போதைய பிளவும் கோட்டம்மா போட்டவைதான். ஆட்சி மாறும், மேலதிகாரி மாறுவார், அவள் மட்டும் அதே மேசையில் இருப்பாள்.

இப்போதைய மேலதிகாரி எந்தக் கட்சியின் பெயரையும் வாய்தவறிக்கூடச் சொல்ல மாட்டார். போன தேர்தலில் எந்தச் சாவடியில் யாருக்கு எவ்வளவு விழுந்தது என்று கட்சிக்கொரு நிறம் பூசிய தாளை மேசையில் வைத்துவிட்டு, "சாம்பலை மூணாப் பிரிச்சிடுங்க கோட்டம்மா, ஒண்ணாச் சேரக் கூடாது" என்பார். அவ்வளவுதான். ஏழாம் தொகுதியில் சாம்பல் அடர்ந்திருந்த மூலை அக்காவின் பேட்டை. நர்ஸ் வேலையை விட்டுவிட்டு அக்கா அங்கே தேர்தலில் நிற்கப் போவது ஊருக்கே தெரியும். தொகுதிக்குள் ஒரு வருடமாவது குடியிருப்பவர்தான் நிற்கலாம் என்பது சட்டம். புது எல்லையோ அக்கா வீட்டுக் கொல்லைச் சுவரை ஒட்டி வளைந்து, அவளை வெளியே தள்ளியிருந்தது. அந்த வளைவைப் போட்ட அன்று கோட்டம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் போட்டாள். வீட்டில் கேட்டபோது, "நான் தெருப் பேரு மட்டும்தான் எழுதுறேன்" என்று மழுப்பிவிட்டாள்.

நாலு நாற்பதுக்கு அக்கா வந்தாள். மூச்சு இரைத்தது.

"நல்லவேளை, நீ இருக்கே" என்று மனுவை நீட்டினாள். "எவனோ என் வீட்டை மட்டும் கத்தரிச்சு வெளிய போட்டிருக்கான். அவன் கை விளங்குமா?"

கோட்டம்மா மனுவை வாங்கினாள். குனிந்து படித்தாள். இரண்டு பக்கம். அநியாயம், அக்கிரமம், ஜனநாயகப் படுகொலை எல்லாம் இருந்தன. செல்லுபடியாகிற ஒரு வரி இல்லை. இப்படி வருகிற மனுக்களை மேலதிகாரி முழுதாகப் படிக்கக்கூட மாட்டார். நாளைக் காலையிலேயே தள்ளுபடி. அவர் பயப்படுகிற விதி வேறு. எல்லைக்கோடு தரையில் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றின் மேல்தான் போக வேண்டும்: சாலை, தண்டவாளம், ஓடை. இல்லையென்றால் அந்தத் துண்டை மறுபடி வரைந்தே ஆக வேண்டும். அக்கா வீட்டுக்குப் பின்னால் கோடு ஒரு வாய்க்காலின் மேல் போயிற்று. அந்த வாய்க்கால் பழைய நில அளவைப் படத்தில் மட்டும்தான் இருக்கிறது. அந்த வீட்டுக்கு நூறு தடவை போய்வந்தவள் எப்படி அந்தப் படத்தை எடுத்து வைத்து வரைந்தாள்? கைப்பிசகா, வேண்டுமென்றேவா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

முத்திரையைத் தூக்கினாள். குத்திவிட்டால் முடிந்தது. கீழே வைத்தாள்.

"அக்கா, உன் வீட்டுக்குப் பின்னாடி வாய்க்கால் இருக்கா?"

"அதைத் தூர்த்து லாரி ஷெட் போட்டு எட்டு வருஷமாச்சே. உனக்குத் தெரியாதா என்ன?"

"அதை எழுது. கோடு போற இடத்துல வாய்க்காலே இல்லைன்னு மட்டும் எழுது. வேற ஒண்ணும் வேணாம்."

அக்கா திரும்பி, சுவரில் ஒட்டியிருந்த பெரிய வரைபடத்தைப் பார்த்தாள். அதில் தடித்த கோடும் தொகுதி எண்ணும்தான் இருந்தன. வாய்க்கால் எதுவும் காட்டப்படவில்லை. பிறகு தங்கையைப் பார்த்தாள்.

"கோடு வாய்க்கால் மேல போகுதுன்னு உனக்கு யாரு சொன்னா?"

பொய் சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை.

"நான்தான்க்கா போட்டேன்."

அக்கா தன் மனுவைத் திரும்ப இழுத்துக்கொண்டாள். கத்தியிருந்தால் எவ்வளவோ தேவலை. பின்னாலிருந்து யாரோ, "சீக்கிரம்மா, மணியாகுது" என்றார்கள்.

"ஒரு வெள்ளைத்தாள் குடு" என்றாள் அக்கா.

தாளையும் பேனாவையும் கொடுத்தாள் கோட்டம்மா. வாய்க்கால் என்று எழுதினால் அந்த ஒரு மூலை மாறும், அக்கா நிற்கலாம். தையல்காரரின் தெரு பிளந்தது பிளந்தபடியே கிடக்கும். வேட்பாளரின் உறவுக்காரர் எல்லை வரையக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு. வரைந்தது என் தங்கை என்று ஒரு வரி எழுதினால் போதும், முழுப் படமும் செல்லாது. கோட்டம்மாவின் வேலையும் போகும். தேர்தலில் நிற்கப் போகிற அக்காவுக்கு அந்த விதி தெரியாமல் இருக்காது.

அக்கா கவுண்டர் பலகையில் குனிந்து எழுதத் தொடங்கினாள். கோட்டம்மா எட்டிப் பார்த்தாள். பரீட்சையில் பக்கத்துப் பெஞ்சுக்காரியிடமிருந்து மறைக்கிற மாதிரி, அக்கா இடது கையை வளைத்துத் தாளின் மேல் வைத்துக்கொண்டாள்.